வழிவிடச் சொல்லும் உடுப்பு

1

எட்வினா மவுண்ட்பேட்டன் என்ற பெயரைத் தமிழில் தேடினால் கூடவே நேருவும் வந்துவிடுவார். சேர்ந்து சிரிக்கும் புகைப்படம், கடிதங்கள், கிசுகிசு, யூட்யூப் வீடியோக்கள். கடைசி வைஸ்ராயின் மனைவி என்பதைத் தாண்டி அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் நம்மில் பலருக்கும் தெரியாது.

1960 பிப்ரவரி 21. வடக்கு போர்னியோவின் ஜெசல்டன் நகரம். இன்றைக்கு மலேசியாவின் கோத்தா கினபாலு. அங்கே தங்கியிருந்த வீட்டில் தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. வயது 58. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் போர்ட்ஸ்மவுத்துக்கு வெளியே கடலில் அடக்கம் செய்தார்கள். நேரு மரியாதைக்காக இந்தியக் கடற்படையின் 'திரிசூல்' கப்பலை அனுப்பினார். இந்தக் கடைசி வரி மட்டும் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். ஆனால் 58 வயதுப் பெண்மணி, உடம்பு சரியில்லாத நிலையில், தனியாக போர்னியோவில் என்ன செய்துகொண்டிருந்தார்?

முதலுதவித் தொண்டர்களைப் பார்வையிடப் போயிருந்தார். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிரிகேட் என்ற அமைப்பின் மகளிர் பிரிவுகளுக்கு 1942 முதல் அவர்தான் தலைமைக் கண்காணிப்பாளர். அந்த வேலையின் சுற்றுப்பயணத்தில்தான் இறந்தார். 1945-ல் தென்கிழக்கு ஆசியாவின் போர்க்கைதி முகாம்களில் எடுத்த படங்களில் அவரைப் பார்த்தால் வைஸ்ராய் வீட்டுப் பெண்ணாகத் தெரியாது. இறுக்கமான கோட், தொப்பி, மார்பில் பட்டைகளின் வரிசை. ஒரு ராணுவ அதிகாரி போல இருக்கிறார்.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கேள்வி எட்வினாவைப் பற்றியது அல்ல, உடுப்பைப் பற்றியது. கீழே விழுந்தவனைத் தூக்குவதற்கும், காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கும் எதற்கு யூனிஃபார்ம்? அதுவும் சம்பளமே வாங்காமல் செய்கிற வேலைக்கு?

நான் மென்பொருள் பொறியாளன். எங்கள் தொழிலில் சீருடை என்றால் கம்பெனி டி-ஷர்ட்டும் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டும்தான். அதற்கு முன்னால் படித்த பொறியியல் கல்லூரியில் சட்டையை இன் பண்ணாவிட்டால் அபராதம். ஆக, சீருடை என்றாலே யாரோ நம்மை அடக்குவதற்காகக் கண்டுபிடித்த சமாச்சாரம் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இந்த அமைப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் பாதிதான் சரி என்று பட்டது.

2

செயின்ட் ஜான் என்ற பெயரின் வேர் ஜெருசலேமில் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் அங்கே வரும் யாத்ரீகர்களுக்காக ஒரு மருத்துவ இல்லம் நடந்தது. அதை நடத்திய துறவிகள் கறுப்பு அங்கி அணிந்தார்கள், அதன்மேல் வெள்ளைச் சிலுவை. சிலுவைப் போர்கள் வந்தபோது இவர்களே வாளெடுத்த வீரர்களாகவும் ஆனார்கள். நோயாளிக்குக் கஞ்சி கொடுத்த கையும் போர்க்களத்தில் வெட்டிய கையும் ஒரே அங்கிக்குள் இருந்தன. இந்த இரட்டைத்தன்மை இந்த உடுப்பை விட்டு அப்புறம் போகவே இல்லை.

இங்கிலாந்தில் இந்த மரபு 19-ம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் கனவான்கள். பட்டம், பதக்கம், பழைய வீரமரபு மீது அவர்களுக்கு ஒரு மோகம். அது மட்டுமே இருந்திருந்தால் இன்றைக்கு அது ஒரு கிளப்பாக எங்கேயாவது ஒரு மூலையில் கிடந்திருக்கும். 1877-ல் அவர்கள் செய்த ஒரு காரியம் அதை மாற்றியது. சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அசோசியேஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே யார்டு, இரும்பு ஆலை. நாள் தவறாமல் யாருக்காவது கால் நசுங்கும், கை போகும். டாக்டர் எங்கேயோ இருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அடிபட்டவனை அள்ளித் தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள். பாசம்தான். ஆனால் உடைந்த எலும்பை அசையாமல் கட்டாமல் தூக்கினால் அது சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளுக்குள் இருந்த முறிவு திறந்த காயமாகும், காயம் சீழ் பிடிக்கும், காலை எடுக்க வேண்டிவரும், அல்லது ஆளே போய்விடுவான். ரெண்டு குச்சியும் ஒரு துணியும் வைத்துத் தடுத்திருக்கலாம். பாசத்துக்கும் குச்சிக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் முதலுதவி.

முதல் வகுப்புகள் 1878-ல் லண்டனுக்குப் பக்கத்தில் வூல்விச்சில் நடந்தன. ஆயுதத் தொழிற்சாலையும் ராணுவ மருத்துவமனையும் இருந்த ஊர். வகுப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர். ராணுவத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் பொதுமக்களுக்கான பாடமாக மாற்றினார். ரத்தத்தை எப்படி நிறுத்துவது, எலும்பை எப்படிக் கட்டுவது, மயங்கியவரை எப்படிக் கிடத்துவது. பாடக் கையேட்டுக்கான குறிப்புகளையும் எழுதினார். புத்தகமாக அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடு பிரிட்டன் போருக்குப் போனது, ஷெப்பர்டும் போனார். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் ஜூலுப் படை பிரிட்டிஷ் முகாமை அழித்தது. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,300 பேர் செத்தார்கள். அடிபட்ட ஒருவனைக் கவனிக்கக் குதிரையை நிறுத்தியபோது ஷெப்பர்டை ஈட்டி தாக்கியது என்கிறார்கள். கையேடு அவருக்குப் பின்னால் அச்சானது.

ஜூலு மண்ணில் செத்த இந்த மனிதரின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் அந்த மண்ணுக்குத் திரும்பவும் போக வேண்டியிருக்கிறது, நம்மாட்களோடு.

வகுப்பு காட்டுத்தீ மாதிரி பரவியது. சுரங்கத் தொழிலாளிகள், ரயில்வேக்காரர்கள், போலீஸ்காரர்கள். 1881-ல் லண்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டுக்கு வந்த ஜெர்மன் அறுவை மருத்துவர் எஸ்மார்க் இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, கீல் நகரில் இதே மாதிரி வகுப்புகள் தொடங்கினார். முக்கோணக் கட்டுத்துணியைப் பிரபலமாக்கியவர் அவர்தான். அவருடைய உரைகளை விக்டோரியா ராணியின் மகள் ஹெலினா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மருத்துவம் டாக்டரின் சொத்து என்றிருந்த உலகத்தில் அதன் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் ஜனங்களிடம் கொடுத்துவிட்டார்கள். பெரிய விஷயம் இது.

3

இதுவரை உடுப்பு இல்லை. படித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பிப்போவார். பக்கத்தில் யாருக்காவது அடிபட்டால் ஓடிவருவார். சுரங்கத்தில் அது போதும், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பிரச்சினை கூட்டத்தில்தான் வந்தது. 1887-ல் விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த பொன்விழா. லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கில் ஜனம். நெரிசலில் மயங்கி விழுவார்கள், மிதிபடுவார்கள். உதவத் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் நிற்கலாம். ஆனால் அவருக்கு உதவத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? பயிற்சி பெற்றவர்களை ஓர் அணியாகத் திரட்டித் தெருவில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டில்தான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிரிகேட் உருவானது. அசோசியேஷன் சொல்லிக்கொடுக்கும், பிரிகேட் களத்தில் நிற்கும். களத்தில் நிற்கச் சீருடை வேண்டியிருந்தது.

கறுப்பு உடை, தலையில் சின்ன வட்டத் தொப்பி, தோளில் வெள்ளைப் பை, கையில் பட்டை. பட்டையில் எட்டு முனைச் சிலுவை. தூரத்திலிருந்து பார்த்தால் சிப்பாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் தோளில் துப்பாக்கிக்குப் பதில் பஞ்சும் துணியும்.

ஒரு தகவல் இங்கே. இதைச் செஞ்சிலுவையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்புச் சின்னம். போர்க்களத்தில் 'இவரைச் சுடாதே' என்று சொல்வதற்கானது. நம்ம ஊரில் டாக்டர்கள் காரில் ஒட்டிக்கொள்கிறார்களே, அது 1960-ம் ஆண்டு இந்திய ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி தப்பு. செயின்ட் ஜானின் சின்னம் பழைய துறவிகளின் எட்டு முனை வெள்ளைச் சிலுவை. மலைப்பிரசங்கத்தின் எட்டுப் பேறுகள்தான் எட்டு முனைகள், விவேகம், நிதானம், நீதி, மனத்திடம் என்ற நான்கு குணங்கள் அதன் நான்கு கைகள் என்று விளக்கம் சொல்வார்கள்.

இந்த உடுப்பு என்ன வேலை செய்தது? யோசித்தால் மூன்று வேலைகள் தெரிகின்றன. முதலாவது, கூட்டத்தை விலக்கியது. "தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம். தொப்பி போட்டவர் கத்தாமலேயே ஜனம் விலகும். இரண்டாவது, தொட அனுமதி வாங்கித் தந்தது. ஓர் அந்நியர் நம் சட்டையைக் கழற்றுகிறார், காலைத் தூக்குகிறார், மார்பில் கை வைக்கிறார். வேறு எந்தச் சமயத்திலும் அதை அனுமதிக்க மாட்டோம். யார் யாரைத் தொடலாம் என்பதை வைத்தே ஆயிரம் வருஷமாக ஊரைக் கட்டிவைத்திருக்கிற நமக்கு இதன் கனம் புரியும். மூன்றாவது, போட்டவரையே மாற்றியது. ஆறு நாள் கரிக்குள் புரண்ட சுரங்கத் தொழிலாளி ஏழாம் நாள் பித்தளைத் துடைத்துத் தொப்பி மாட்டித் தெருவில் நின்றால், மேல்தட்டுச் சீமாட்டி மயங்கி விழும்போது அவன்தான் அங்கே அதிகாரி.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால் சீருடை ஒரு இன்டர்ஃபேஸ். உள்ளே யார் இருக்கிறார், என்ன பேர், என்ன சாதி, எந்த ஊர் என்று தெரிய வேண்டியதில்லை. இவரைக் கூப்பிட்டால் இன்ன வேலை நடக்கும் என்று தெரிந்தால் போதும். அதன் சிக்கலும் அதுதான். வெளியே சொன்ன வேலையை உள்ளே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். உடுப்பு முன்னால் போய் வாக்குக் கொடுத்துவிடும். கை பின்னால் வந்து அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

4

1899-ல் போயர் யுத்தம். பிரிகேடிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் செத்தவர்கள் பலரை எடுத்துக்கொண்டது குண்டு அல்ல, டைஃபாய்டு. அதே நேரத்தில் அதே நேட்டாலில் இன்னொரு ஸ்ட்ரெச்சர் அணியும் கிளம்பியது. அது செயின்ட் ஜான் அமைப்பு அல்ல. ஆனால் அதே காலம், அதே பயிற்சி, அதே கேள்வி. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் அணி.

சுமார் 1,100 பேர். அவர்களில் 300 பேர் அளவுக்குச் சுதந்திர இந்தியர்கள், மிச்சம் எல்லாம் ஒப்பந்தக் கூலிகள். 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஆகவே அந்த 1,100 பேரில் நம்மாட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம். ஸ்பியன் காப் சண்டையில் அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். ஜெனரல் வுட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்கள்தான்.

இந்த அணியின் புகைப்படம் ஒன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். காக்கி உடுப்பு, கையில் சிலுவைப் பட்டை, நடுவில் மீசையோடு காந்தி. பள்ளியில் அதைப் பார்த்தபோது காந்தியை மட்டும் தேடினேன். இப்போது பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. அந்தச் சட்டகத்துக்குள் இருப்பவர்கள் அணியின் தலைவர்கள். 1,100 பேர் அந்தப் படத்துக்குள் அடங்க மாட்டார்கள். போர்ப் பதக்கமும் தலைவர்களுக்குத்தான் வந்தது. தோளில் தூக்கியவர்களுக்குப் படத்திலும் இடமில்லை, பதக்கப் பட்டியலிலும் இல்லை. சீருடை எல்லோரையும் சமமாக்கும் என்று நான் மேலே எழுதிய பத்தியை இந்தப் புகைப்படம் கேள்வி கேட்கிறது.

1906-ல் ஜூலுக்களின் கிளர்ச்சி. காந்தி மறுபடி ஓர் அணி திரட்டினார். இந்த முறை 24 பேர்தான். அவருக்கு சார்ஜென்ட் மேஜர் என்ற தற்காலிகப் பதவி, எல்லோருக்கும் அரசாங்கச் சீருடை. சத்திய சோதனையில் அணியின் கணக்கை அவரே சொல்கிறார். அவரைத் தவிர நான்கு குஜராத்திகள், ஒரு பட்டாணியர், மற்ற எல்லோரும் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியர்கள். அதாவது 24 பேரில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு நாட்டுக்காரர்கள்.

பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சுமக்கப்போகிறோம் என்று நினைத்துப் போனவர்களுக்கு அங்கே கிடைத்த வேலை வேறு. சாட்டையடி பட்டு முதுகு கிழிந்து சீழ் பிடித்துக் கிடந்த ஜூலுக்கள். வெள்ளைக்காரர்கள் அவர்களைக் கவனிக்க முன்வரவில்லை. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டவர்கள் இவர்கள். கம்பிக்கு வெளியே நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் அதைத் தடுக்கப் பார்த்ததையும் ஏசியதையும் காந்தி எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். 27 வருஷத்துக்கு முன்னால் முதலுதவிப் பாடம் எழுதிய டாக்டரைக் கொன்றவர்கள் ஜூலுக்கள். அவர்கள் மண்ணைக் காக்கத்தான் கொன்றார்கள். இப்போது அதே ஜூலுக்களின் முதுகில், அடித்தவனின் சீருடையைப் போட்டுக்கொண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தோ கப்பலேறிப் போன யாரோ ஒருவர் மருந்து தடவுகிறார். ஐந்து வருஷம் கரும்புக் காட்டில் கங்காணியிடம் அடி வாங்கிய முதுகு அவருக்கும் இருந்திருக்கும். அந்தச் சீருடை யார் பக்கம்? அரசாங்கத்தின் பக்கம், சந்தேகமே இல்லை. அந்தக் கை யார் பக்கம்? உடுப்பும் கையும் எதிரெதிராகப் போன நாள் அது.

காந்தி அந்தப் பதக்கங்களை 1920-ல் வைஸ்ராயிடம் திருப்பிக் கொடுத்தார். போயர் யுத்தப் பதக்கம், ஜூலுப் பதக்கம், கெய்சர்-இ-ஹிந்த் மூன்றையும். உடுப்பு தந்த விசுவாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கட்டுப் போடக் கற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம்.

5

முதல் உலகப் போர் வந்ததும் பெண்களின் உடுப்பு பெரிய விவகாரமானது. 1909-ல் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி தன்னார்வப் பெண்களை அணி அணியாகப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்திருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண்களுக்கு நீல உடை, செயின்ட் ஜான் பெண்களுக்குச் சாம்பல் உடை. இரண்டுக்கும் மேலே வெள்ளை ஏப்ரன். ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பிரான்சின் எடாப்ளில் செயின்ட் ஜான் அமைப்பே 520 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடத்தியது. 1918-ல் அதன்மீது குண்டு விழுந்தது.

உடை அவர்கள் கைக்காசு. ஆகவே பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள்தான் வர முடிந்தது. மூன்று வருஷம் முறையாகப் படித்து வந்த நர்சுகளுக்கு இது எரிச்சலைக் கிளப்பியது. சில வாரப் பயிற்சியோடு வந்த பணக்காரப் பெண்ணும் அதே வெள்ளை ஏப்ரனில் நிற்கிறாள், அடிபட்ட சிப்பாய் இரண்டு பேரையும் ஒரே மாதிரி 'சிஸ்டர்' என்கிறான். கோபம் நியாயமானது. நர்சிங் ஒரு தொழில், அதற்குப் பதிவும் அங்கீகாரமும் வேண்டும் என்று அவர்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. உடுப்பு கொடுக்கும் வாக்கும் கையின் திறமையும் ஒன்றா என்று முதன்முதலில் உரக்கக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

ஆனால் அந்த உடையால் வேறொன்றும் நடந்தது. தாயின் துணையில்லாமல் தெருவுக்கு வர முடியாத பெண், அந்நிய ஆணின் உடம்பை ஒருபோதும் பார்த்திராத பெண், சாம்பல் உடை போட்டதும் கடலைத் தாண்டிப்போய்ச் சீழையும் ரத்தத்தையும் துடைத்தாள். வீட்டில் யாரும் தடுக்க முடியவில்லை.

எட்வினாவை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பேரப்பிள்ளைகளில் ஒருவர். 1930-கள் வரை பார்ட்டி, பயணம், பத்திரிகைக் கிசுகிசு. லண்டன்மீது ஜெர்மன் குண்டு விழத் தொடங்கியபோது செயின்ட் ஜான் உடுப்பில் கிழக்கு லண்டனின் பதுங்குமிடங்களுக்குப் போனார். கழிப்பிடம் இல்லை, குடிநீர் இல்லை என்று அதிகாரிகளை விரட்டினார். 1945-ல் முகாம்கள். 1947-ல் பஞ்சாபின் அகதி முகாம்கள், காலரா வார்டுகள். பட்டத்து ராணி மாதிரி அல்ல, சூபர்வைசர் மாதிரி குறிப்பெடுத்துக்கொண்டு போனார். அந்தஸ்தும் காரணம்தான். வைஸ்ராயின் மனைவி கேட்டால் மருந்து சீக்கிரம் வரும். ஆனால் அந்தஸ்தை எதற்குச் செலவு செய்வது என்று அந்த உடுப்பு அவருக்கு ஒரு வழி காட்டியது.

6

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற கம்பி வேலிக் கூண்டுகளுக்குள் நெரிசல். ஆறு நிமிடத்தில் ஆட்டம் நின்றது. 97 உயிர்கள் போயின, கடைசி உயிர் பல வருஷம் கழித்து.

அன்றைக்கு அங்கே செயின்ட் ஜான் தொண்டர்கள் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். சிறார் உறுப்பினர்களும் அதில் உண்டு. சனிக்கிழமை மதியம் மேட்ச் பார்த்துக்கொண்டே யாருக்காவது கால் சுளுக்கினால் கட்டுப் போடலாம் என்று வந்தவர்கள். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் மூச்சில்லாமல் புல்லில் கிடந்தார்கள். ஸ்ட்ரெச்சர் போதவில்லை. ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைப் பிய்த்து அதில் ஆட்களைத் தூக்கி ஓடினார்கள்.

சீருடை போட்ட ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை அந்த மைதானத்தில் நிறுத்திப் பாருங்கள். எல்லாக் கையும் அவனைத்தான் இழுக்கும். "என் தம்பியைப் பாரு", "இங்க வா." அவன் ஒரே ஆள். உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட முடியாது. இந்த உடுப்பைப் பற்றி எழுதுகிற எவரும் ஊர்வலத்தையும் பொத்தானையும் மட்டும் எழுதிவிட்டு இந்த மைதானத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தச் சம்பவத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, மைதானங்களில் 1,000 பார்வையாளர்களுக்குக் குறைந்தது ஒரு பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உடுப்பு போட்ட சிலரை ஓரத்தில் நிறுத்திவைத்தால் போதும் என்ற காலம் முடிந்தது. எத்தனை பேர், என்ன பயிற்சி, என்ன கருவி என்று கேட்கத் தொடங்கினார்கள். பிரிகேடும் அசோசியேஷனும் 1974-லேயே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்று ஒன்றாகியிருந்தன. பிறகு கறுப்பு உடுப்பு சடங்கு நாட்களுக்குப் போய், களத்துக்குப் பச்சை வந்தது. அரசு ஆம்புலன்ஸ்காரர்கள் போடும் பச்சையைப் போன்றது. சிப்பாயைப் பார்த்துத் தைத்த உடை, மருத்துவ ஊழியரைப் பார்த்துத் தைத்த உடையாக மாற நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

7

இந்தியாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இன்றும் இருக்கிறது. டெல்லியில் செஞ்சிலுவைச் சங்கத்தோடு ஒரே வளாகம். குடியரசுத் தலைவர்தான் தலைவர். ரயில்வேயில் அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு. மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகள் சேர வேண்டிய சீருடை இயக்கங்களில் அதுவும் ஒன்று, அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அதில் கட்டுப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் அதிகம் புழங்கிய இடம் எது தெரியுமா? பஸ் கண்டக்டர்கள். நடத்துநர் உரிமம் வேண்டுமென்றால் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும், அதைக் கொடுத்தது செயின்ட் ஜான் அமைப்பு.

என் மாமா ஒருவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளு கிளாஸ் மாப்ளே. கட்டுப் போடச் சொல்லிக் குடுத்தாங்க. சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. லைசென்ஸு வந்துருச்சு."

"அப்புறம் எப்பவாவது பயன்பட்டுச்சா மாமா?"

"இருபத்தெட்டு வருஷத்துல ரெண்டே தரம் அந்தப் பொட்டியத் தொறந்தேன். ஒரு தரம் உள்ள பஞ்சு இருந்துச்சு."

சிரித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. வழியில எங்க ஆக்ஸிடெண்டுன்னாலும் ஜனம் மொதல்ல நம்ம காக்கியத்தான் பாக்கும். டிரைவர், கண்டக்டர் எறங்கி வந்தாத்தான் கூட்டம் கையவைக்கும். அதுவரைக்கும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருக்கும்."

சுற்றி நின்று பார்க்கிறவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தொட்டால் போலீஸ் வரும், சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரியில் 'நீதான் இடிச்சியா' என்பார்கள், பணம் கட்டச் சொல்வார்கள். தொடாமல் நிற்பதற்கு நம்மிடம் அறிவுபூர்வமான காரணங்கள் இருந்தன. மாமாவின் காக்கி முதலுதவிக்கான சீருடையே இல்லை. ஆனாலும் அது அந்தப் பயத்தைப் போக்கியது. இவர் அரசாங்க ஆள், இவர் தொட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், இவர் பின்னால் நாமும் தொடலாம்.

2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது வழக்குப் போட முடியாது, பேரையும் விவரத்தையும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நான் இதைப் படித்தபோது 1887-ன் கைப்பட்டை ஞாபகத்துக்கு வந்தது. இவர் உதவ வந்தவர், விலகி வழி விடுங்கள், இவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். துணியில் எழுதியிருந்ததை இப்போது சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். சீருடை இல்லாத எல்லோருக்கும் சேர்த்து ஒரு கைப்பட்டை.

நம் மொழியில் தொண்டர் என்ற சொல்லுக்குப் பெரிய வயது. பெரியபுராணத்தின் இன்னொரு பெயரே திருத்தொண்டர் புராணம்தான். கோவில் சிற்பங்களில் அப்பரை அடையாளம் காட்டுவது கையில் இருக்கும் உழவாரம், புல் செதுக்குகிற கருவி. இன்றைக்குத் தொண்டர் என்றால் கரைவேட்டிதான் கண்ணில் வருகிறது. வேட்டியின் கரை அவர் யாருடைய ஆள் என்று சொல்லும். உழவாரம் அவருக்கு என்ன வேலை தெரியும் என்று சொல்லும். செயின்ட் ஜான் உடுப்பின் நூற்றைம்பது வருஷக் கதையில் இந்த இரண்டுமே இருக்கின்றன. நேட்டாலில் அது யாருடைய ஆள் என்று சொன்னது. சுரங்க வாசலில் என்ன தெரியும் என்று சொன்னது.

134ஏ பயத்தைப் போக்கலாம். விரலுக்கு எதுவும் சொல்லித்தராது. ரத்தம் பீறிடும் இடத்தில் எங்கே அழுத்துவது, கழுத்தில் அடிபட்டவரை ஏன் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மூச்சு நின்ற மார்பை எவ்வளவு ஆழத்துக்கு அமுக்குவது என்று அதில் இல்லை. அதற்கு ஒரு நாள் போய் உட்கார வேண்டும். பீட்டர் ஷெப்பர்ட் தொடங்கிய அந்த வகுப்பு சென்னையில் இன்றும் நடக்கிறது. சேர்வதற்கு உடுப்பு எதுவும் தேவையில்லை.